ராசியில்லாத கப்பலா?

அன்புள்ள ஐயா,

நான் மட்டக்களப்பு கல்லடியைச் சேர்ந்தவன். 1942இல் எங்கள் கடலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பலின் கதையைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். அதனோடு சேர்ந்து மூழ்கிய ‘வாம்பயர்’ என்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. தேடிப் படித்தேன். கிழக்கே வந்த பிறகு அது துணைக்குப் போன பிரிட்டிஷ் கப்பல்கள் பல மூழ்கியிருக்கின்றன: பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ், தானெட், கடைசியில் ஹெர்மிஸ். ‘ராசியில்லாத கப்பல்’ என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதுகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்? சிட்னி அருங்காட்சியகத்தில் இதே பெயரில் நிற்கும் கப்பல் எது?

க.

அன்புள்ள க.,

சிட்னியில் நிற்பது 1959இல் பணிக்கு வந்த வேறொரு கப்பல். பெயர் மட்டும்தான் ஒன்று. அதை விடுங்கள்.

உங்கள் தலைப்பைப் படித்ததும் கோபம் வந்தது. கல்லடியில் பிறந்து, அந்தக் கடலைப் பார்த்து வளர்ந்து, பிறர் மறந்த கப்பலைத் தேடிப்போகும் மனம் உங்களுக்கு இருக்கிறது. அந்த மனதுக்கு இந்தச் சொல் எப்படிக் கிடைத்தது?

என் பெரிய அத்தை ஒருத்தி இருந்தாள். உறவில் யார் நோயில் விழுந்தாலும் தலைமாட்டில் உட்காருவது அவள்தான். மலம் அள்ளுவாள், கஞ்சி புகட்டுவாள், ராத்திரி முழுக்க விசிறுவாள். தாத்தா போனபோதும், சித்தப்பா போனபோதும் வாயில் பால் ஊற்றியது அவள் கை. ஊர் என்ன சொன்னது தெரியுமா? “அவ காலடி வச்ச வீடு வெளங்காது.” ஒரு கல்யாணத்தில் அவள் எடுத்து வந்த தாம்பூலத் தட்டைப் பாதி வழியில் வாங்கிக்கொண்டார்கள். நான் பார்த்தேன். சாவு நிற்கிற வாசலுக்குள் துணிந்து போனவள் அவள் ஒருத்திதான் என்பது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

நாசகாரிக் கப்பலின் வேலையும் அதுதான். பெரிய கப்பலுக்குக் காவலாகப் போவது, அது மூழ்கினால் எண்ணெய் படிந்த தண்ணீரிலிருந்து ஆட்களைத் தூக்குவது. ஆபத்து இருக்கிற இடத்துக்குத்தான் அதை அனுப்புவார்கள். அனுப்பிய பிறகு, நீ போன இடமெல்லாம் ஆபத்து என்று அதன் மேலேயே பழி போடுவதா?

1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் கிழக்குக் கரையில், குவாந்தான் கடலில் என்ன நடந்தது? பிரிட்டிஷ் அட்மிரல் பிலிப்ஸ் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களையும் விமானப் பாதுகாப்பு இல்லாமல் கொண்டுபோனார். கூட வந்திருக்க வேண்டிய ‘இண்டாமிட்டபிள்’ விமானந்தாங்கி ஜமைக்காவில் தரைதட்டியதால் வரவில்லை. வானொலி மௌனத்தைக் கலைக்க பிலிப்ஸ் விரும்பவில்லை. ரிப்பல்ஸின் தலைவர் டெனன்ட் தாமாகவே செய்தி அனுப்பிய பிறகுதான் சிங்கப்பூரிலிருந்து சண்டை விமானங்கள் கிளம்பின. அவை வந்து சேர்ந்தபோது ரிப்பல்ஸ் ஏற்கெனவே கடலடியில், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மூழ்கிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரிலிருந்து வாம்பயர் உயிரோடு தூக்கியவர்கள் 225 பேர். இந்த எண் உங்கள் கடிதத்தில் ஏன் இல்லை? நீங்கள் படித்த வரலாற்றிலேயே இது இருந்திருக்குமே!

எண்டாவ் கதை நீளமானது. 1942 ஜனவரி இறுதியில், நள்ளிரவில், அதே மலாயாக் கரையில், தானெட், வாம்பயர் என்ற இரண்டு கிழட்டு நாசகாரிகளைப் பலம் மிகுந்த ஜப்பானிய அணியின்மேல் ஏவினார்கள். தானெட் போனது, வாம்பயர் தப்பியது. அவ்வளவு போதும்.

உங்கள் ஊர்க் கடலுக்கு வருகிறேன். ஏப்ரல் 9. திருகோணமலைமேல் தாக்குதல் வருகிறது என்று தெரிந்ததும் முந்தைய இரவே ஹெர்மிஸையும் வாம்பயரையும் தெற்கே அனுப்பிவிட்டார்கள். ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல். அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை, எல்லாம் கரையில். மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய வேவு விமானம் பார்த்துவிட்டது. ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பல்களிலிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. கொழும்புக்கு அருகே ரத்மலானையிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ‘ஃபுல்மார்’ சண்டை விமானங்கள் வந்து சேர்வதற்குள் ஹெர்மிஸ் 307 பேரோடு மூழ்கிவிட்டது. குவாந்தானில் நடந்த அதே தவறு, நான்கே மாதங்களில். இதற்குப் பெயர் ராசியா? ஹெர்மிஸை அப்படி அனுப்ப முடிவெடுத்தவர்கள் கரையில் இருந்தார்கள், அவர்களை யாரும் ராசியில்லாதவர்கள் என்று சொல்லவில்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். வாம்பயர் 1917இல் இங்கிலாந்தின் கவ்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் நீரில் இறங்கியது. அதன் நான்கு அங்குலப் பீரங்கிகளை 30 பாகைக்கு மேல் உயர்த்த முடியாது. அவற்றைச் செய்த காலத்தில் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானம் இல்லை. உச்சந்தலைக்கு மேலிருந்து இறங்கும் விமானத்தைத் தலை நிமிர்த்திப் பார்க்கக்கூட முடியாத பீரங்கிகள்! மற்றபடி இருந்தவை சிறிய துப்பாக்கிகள். மத்தியதரைக் கடலில் இருந்தபோது வாம்பயரையும் சேர்த்து ஐந்து ஆஸ்திரேலிய நாசகாரிகளை ‘பழைய இரும்பு’ என்று ஜெர்மானியப் பிரச்சாரம் கேலி செய்தது. அந்தப் பெயரையே மாலுமிகள் பெருமையாகச் சூடிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட கப்பலை ஹெர்மிஸுக்கு ஒரே காவல் நாசகாரியாக நிறுத்தியிருந்தார்கள், தம்பி. ஒன்றே ஒன்று! அதைச் சொல்லுங்கள், ஓங்கிச் சொல்லுங்கள்.

ஹெர்மிஸ் போனதும் விமானங்கள் இதன்மேல் திரும்பின. முதுகெலும்பு முறிந்து மூழ்கியது. கப்பல்தலைவர் மோரன் திரும்பவில்லை. ஆனாலும் அவருடைய ஆட்களில் ஒன்பது பேருக்கு மேல் சாகவில்லை. ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பல் வந்து இரண்டு கப்பல்களிலும் பிழைத்த ஏறத்தாழ அறுநூறு பேரைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போனது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். குவாந்தானில் தொடங்குங்கள், அந்த 225 பேரிலிருந்து. உங்கள் ஊரில் அந்த ஏப்ரல் காலையைக் கரையிலிருந்து பார்த்தவர்களின் பிள்ளைகள் யாராவது இருந்தால், முதலில் அவர்களிடம் போய்க் கேளுங்கள், நூலகம் அப்புறம். தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு எனக்கு அனுப்புங்கள்.