டவரும் மலையும்: கேள்வி பதில்

லைன்மேனா சேர்ந்து, டவர் வேலை வரைக்கும் பார்த்து ரிட்டையர் ஆனவன். கேளுங்க, சொல்றேன்.

சத்துவாச்சாரியிலிருந்து: சார், எங்க மாடியில சிக்னல் ஃபுல். மலையடிவாரத்துல அக்கா வீட்டுல ஒரு கோடுதான். ரெண்டும் ஒரே கம்பெனி சிம், ஒரே மாடல் 5ஜி போன்.

பதில்: 'மரமில்லாத மலை'ன்னு நம்ம வேலூரைக் கிண்டல் பண்ணுவாங்க. மரம் இல்லாட்டி இன்னா, பாறை இருக்கே! டவருக்கும் வீட்டுக்கும் நடுவுல அது நின்னா அலை வளைஞ்சுதான் வரணும். நீளமான அலை நல்லா வளையும், குட்டை அலை அவ்வளவா வளையாது. 900 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு அலை 33 செ.மீ., பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம். 5ஜிக்கு அதிகமா ஓடற 3,500-ல 9 செ.மீ.கூட இல்ல. செட்டிங்ஸ்ல 4ஜிக்கு மாத்திப் பார்க்கச் சொல்லுங்க. தாழ்ந்த அலைவரிசை, அதாவது நீளமான அலை, கிடைச்சா தேவலை.

குடியாத்தத்திலிருந்து: டவர்ல வெள்ளையா மத்தளம் மாதிரி கட்டியிருக்காங்களே, அதுதான் போனுக்கு சிக்னல் அனுப்புதா?

பதில்: இல்லம்மா. போனோட பேசறது நீளநீளமா நிக்கிற பெட்டிங்க. மத்தளம் இன்னொரு டவரோட மட்டும் பேசும். ரெண்டும் நேருக்கு நேர் பார்த்தாகணும். ஒரு தடவை காத்துல மத்தளம் துளி திரும்பிடுச்சு. உச்சியில உட்கார்ந்து போல்ட்டைத் திருப்பித் திருப்பியே அரைநாள் போச்சு எனக்கு. இப்போ நிறைய டவருக்கு ஃபைபர் வந்துடுச்சு, அந்தத் தலைவலி குறைவு.

ஆரணியிலிருந்து: ஃபைபர்ல வெளிச்சம் போகுதுன்னாங்க. முனையை உத்துப் பார்த்தேன், இருட்டா இருக்கு.

பதில்: ஐயோ, இனிமே பார்க்காதீங்க தம்பி! அது அகச்சிவப்பு லேசர். தெரியாது, ஆனா கண்ணைக் கெடுக்கலாம். தலைமுடி கனத்துக்கு இருக்கிற கண்ணாடி இழைக்குள்ளேயே எதிரொளிச்சுப் போகும், வினாடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. வேலூர்லேர்ந்து சென்னைக்கு ஒரு மில்லி வினாடிகூட ஆகாது.

ஏலகிரியிலிருந்து: மழை வந்தா டிடிஎச் போயிடுது, செல் மட்டும் எடுக்குதே?

பதில்: டிடிஎச் அலை ரெண்டரை செ.மீ.தான். மழைத்துளி அதை உறிஞ்சிச் சிதறடிச்சிடும். 36,000 கி.மீ. மேல இருக்கிற செயற்கைக்கோள்லேர்ந்து வர்றதால ஏற்கெனவே நோஞ்சான். செல் அலைக்கு மழை பெரிய விஷயமில்ல.

மறுபடி சத்துவாச்சாரி: 4ஜிக்கு மாத்தினோம் சார். கூடத்து ஜன்னல்கிட்ட மட்டும் மூணு கோடு.

பதில்: அப்போ சார்ஜரையும் அங்கேயே மாட்டிடச் சொல்லுங்க.