‘தி இம்பாசிபிள் டெட்’ நாவலில் எது நடந்தது, எது கற்பனை?

கேள்வி: இயன் ரேங்கினின் ‘தி இம்பாசிபிள் டெட்’ நாவலில் வரும் 1980களின் ஸ்காட்டிஷ் பயங்கரவாதக் குழுக்களும் அந்த வழக்கறிஞர் மரணமும் நிஜத்தில் நடந்தவையா? வினாடி வினாவுக்குத் தயாராகிறவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இந்த நாவலைப் பொறுத்தவரை ஒரு குறுக்குவழி இருக்கிறது. படிக்கும்போது “இதெல்லாம் கொஞ்சம் ஓவர்” என்று எங்கே தோன்றுகிறதோ, அந்த இடம் பெரும்பாலும் நிஜம். நம்பும்படியாக இருக்கிற ஆட்களும் அவர்களுடைய அலுவலகச் சண்டைகளும்தான் கற்பனை. கொலையாளி யார் என்பதை இந்தப் பதிலில் சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

கதையின் எலும்புக்கூடு இது. வெளியான ஆண்டு 2011. நாயகன் மால்கம் ஃபாக்ஸ், எடின்பரோ போலீஸில் சக போலீஸ்காரர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரிவில் இருப்பவர். மதுவைத் தொடாதவர். தன் இரண்டு உதவியாளர்களோடு ஃபைஃப் பகுதியின் கிர்காடி நகரத்துக்குப் போகிறார். அங்கே பால் கார்ட்டர் என்ற காவலர் பெண்களிடம் தவறாக நடந்ததாகக் குற்றம் நிரூபணமாகியிருக்கிறது. அவருடைய சகாக்கள் அவரைக் காப்பாற்றப் பார்த்தார்களா என்பதுதான் ஃபாக்ஸ் விசாரிக்க வேண்டியது. பால் மீது புகார் செய்தவர் அவருடைய சொந்தச் சித்தப்பா ஆலன் கார்ட்டர், ஓய்வு பெற்ற போலீஸ்காரர். அந்த ஆலன் சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். சுட்ட துப்பாக்கியோ, கணக்குப்படி உலகத்திலேயே இருக்கக் கூடாதது. ஆலன் சாவதற்கு முன் தோண்டிக்கொண்டிருந்தது 1985-இல் இறந்த பிரான்சிஸ் வெர்னல் என்பவரின் கதை. வெர்னல் வழக்கறிஞர், ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டும் என்ற தேசியவாதி. மோதி நின்ற கார், தலையில் குண்டு, தற்கொலை என்று மூடப்பட்ட கோப்பு.

வெர்னல் யாருடைய சாயல் என்று ஸ்காட்லாந்து வாசகர்களிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்: வில்லி மெக்ரே. கிளாஸ்கோவில் வழக்கறிஞர், ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் முன்னாள் துணைத் தலைவர்களில் ஒருவர். 1980-இல் காலோவே மலைப் பகுதியில் அணுக்கழிவைப் புதைக்கும் திட்டம் குறித்து நடந்த பொது விசாரணையில் எதிர்த் தரப்பில் நின்று வாதாடியவர். கழிவை எங்கேதான் வைப்பது என்ற கேள்விக்கு, 1605-இல் நாடாளுமன்றத்தைத் தகர்க்கச் சதி செய்த கய் ஃபாக்ஸ் வெடிமருந்தை வைத்த இடத்தில், அதாவது லண்டன் நாடாளுமன்றத்துக்கு அடியில், வையுங்கள் என்ற தோரணையில் அவர் சொன்ன பதில் இன்றும் அங்கே பேசப்படுகிறது. நமக்கு இன்னொரு சுவாரசியம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அவர் ராயல் இந்தியன் நேவியில் அதிகாரியாக இருந்தவர், இந்திய விடுதலை இயக்கத்தின் மீது அனுதாபம் கொண்டவர். நாவலின் வெர்னலுக்கு இந்தப் பகுதி இல்லை. அதனால் “வெர்னல் இந்தியாவில் பணிபுரிந்தவரா?” என்று ஒரு கேள்வி வந்தால், யாரோ இருவரையும் கலந்துவிட்டார்கள் என்று பொருள்.

மெக்ரேயின் கடைசி இரண்டு நாட்களைத் தனியாகப் படித்துவிட்டு நாவலுக்குப் போவது நல்லது. 5 ஏப்ரல் 1985, வெள்ளிக்கிழமை மாலை. கிளாஸ்கோவிலிருந்து வடமேற்கே கின்டெய்ல் பக்கம் இருந்த தன் வீட்டுக்கு வோல்வோ காரில் கிளம்புகிறார். மறுநாள் காலை ஏ87 சாலையிலிருந்து விலகி, ஓடை ஒன்றின் மேல் ஏறி நின்ற காரை ஆஸ்திரேலியப் பயணிகள் பார்க்கிறார்கள். உள்ளே மெக்ரே, மயக்கத்தில், உயிரோடு. சாலை விபத்து என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். இன்வர்னெஸ் மருத்துவமனை, அங்கிருந்து அபர்டீன். அபர்டீனில் தலையைச் சுத்தம் செய்யும்போதுதான் காயம் வேறு மாதிரி இருப்பது தெரிகிறது. எக்ஸ்ரே எடுத்தால் மண்டைக்குள் குண்டு. 7 ஏப்ரல் அதிகாலையில் மரணம்.

எல்லாக் குழப்பமும் கிளம்புவது இந்த வரிசையிலிருந்து. குண்டு இருப்பது தெரிவதற்குள் பல மணி நேரம் போயிருந்தது. விபத்து என்று நினைத்ததால் சம்பவ இடத்தை யாரும் குற்ற இடமாகப் பாதுகாக்கவில்லை. காரும் அந்த இடத்தை விட்டுப் போனது. பிறகு ஓடையில் .22 ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர் கிடைத்தது. இரண்டு முறை சுடப்பட்டிருந்தது. காரிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் கிடந்தது என்பதில் இன்றும் தகராறு. கதவுக்கு நேர் கீழே என்றால் கையிலிருந்து நழுவி விழுந்தது என்று சொல்லலாம். இருபது மீட்டர் தள்ளி என்றால் தலையில் குண்டு பாய்ந்த ஒருவரால் அதை எறிந்திருக்க முடியாது. கார் நின்ற சரியான இடம் பதிவாகாததால் இரண்டு தரப்பும் தங்கள் கணக்கில் பிடிவாதமாக நிற்கிறது. அரசுத் தரப்பின் முடிவு தற்கொலை. அது இதுவரை மாறவில்லை. கொலை என்று உறுதியாகச் சொல்லும் கட்டுரைகள் ஏராளமாகக் கிடைக்கும். வினாடி வினாவில் அவற்றை விடையாக எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

“ஏன் மரண விசாரணை நடக்கவில்லை?” என்று எல்லா வாசகர்களும் கேட்பார்கள். இங்கிலாந்து துப்பறியும் கதைகளைப் படித்துப் பழகியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. இங்கிலாந்தில் சந்தேக மரணம் என்றால், மரணங்களை விசாரிக்கவென்றே இருக்கும் கரோனர் என்ற அதிகாரியின் விசாரணை. ஸ்காட்லாந்தில் கரோனர் என்ற பதவியே கிடையாது. அந்த வேலையைச் செய்பவர் புரொக்யூரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்கறிஞர். ஷெரிஃப் (ஸ்காட்லாந்தில் அது நீதிபதியின் பெயர்) முன்னால் நடக்கும் மரண விசாரணை, அதாவது ஃபேட்டல் ஆக்ஸிடென்ட் இன்கொயரி, வேலையிடத்தில் நேர்ந்த மரணத்துக்கும் காவலில் நேர்ந்த மரணத்துக்கும்தான் கட்டாயம். மற்றவை அரசுத் தரப்பின் விருப்பம். மெக்ரேக்கு அது நடத்தப்படவில்லை. ஒரு பழைய மரணம் திறந்த நீதிமன்றத்தில் ஒருமுறைகூட அலசப்படாமல் கோப்பிலேயே கிடக்க முடிகிறது என்பதால்தான் கால் நூற்றாண்டு கழித்து ஒரு ஃபாக்ஸ் வந்து தோண்டுவது நம்பும்படியாக இருக்கிறது. லண்டனைக் களமாக வைத்து இதே கதையை எழுதினால் இரண்டாவது அத்தியாயத்திலேயே நொண்டும்.

இதோடு ஒட்டிய சின்னத் தகவல்: ஸ்காட்டிஷ் குற்றவியல் சட்டத்தில் முக்கியமான எந்த உண்மைக்கும் இரண்டு ஆதாரங்கள் வேண்டும். அதனால்தான் ரேங்கின் கதைகளில் பிரேதப் பரிசோதனை மேசையருகே இரண்டு மருத்துவர்கள் நிற்கிறார்கள். கதையில் ஆள் கூட்டுவதற்காக வைத்தது அல்ல.

இப்போது பயங்கரவாதம். நாவலில் வரும் கடித வெடிகுண்டு விவகாரத்துக்குப் பின்னால் இருப்பது ஸ்காட்டிஷ் நேஷனல் லிபரேஷன் ஆர்மி என்ற நிஜக் குழு. 1 மார்ச் 1979 பொது வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தின் தன்னாட்சிக்கு ஆதரவாக 51.6 சதவீதம் விழுந்தது. ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால் திட்டம் செத்தது. அந்தக் கசப்பில் பிறந்த குழு அது. 1980களின் தொடக்கத்தில் அரசியல்வாதிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் சின்னச் சின்னக் குண்டுகளை அஞ்சலில் அனுப்பியது. பத்திரிகைகள் வைத்த பெயர் ‘டார்ட்டன் டெரரிஸ்ட்ஸ்’. டார்ட்டன் என்பது ஸ்காட்லாந்தின் கட்டம் போட்ட துணி, பெயரிலேயே கேலி தெரியும். ஐரிஷ் குழுக்களோடு ஒப்பிட்டால் ஆள் பலமும் சேதமும் மிகக் குறைவு.

நாவலில் அடிபடும் டார்க் ஹார்வெஸ்ட் என்ற குழுவின் சமாச்சாரம் அதைவிட விசித்திரமானது. ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையோரம் கிரின்யார்ட் என்று ஒரு குட்டித் தீவு, பரப்பு 196 ஹெக்டேர். 1942-இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் போர்ட்டன் டவுன் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் அங்கே ஆடுகளைக் கட்டிவைத்து ஆந்த்ராக்ஸ் குண்டுகளைச் சோதித்தார்கள். ஆடுகள் செத்தன, சோதனை வெற்றி. தீவுதான் வீணானது. ஆந்த்ராக்ஸ் கிருமி வித்துகளாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். வெயிலும் மழையும் அதை ஒன்றும் செய்யாது. நாற்பது ஆண்டுகள் எச்சரிக்கைப் பலகையோடு தீவு மூடிக் கிடந்தது.

அக்டோபர் 1981-இல் பத்திரிகைகளுக்கு ஒரு செய்தி வந்தது. அந்தத் தீவிலிருந்து 300 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோ மண்ணை எடுத்துவிட்டதாகவும், தீவை அரசு சுத்தம் செய்யாவிட்டால் அதைப் பொருத்தமான இடங்களில் விட்டுவைக்கப் போவதாகவும் மிரட்டல். முதல் பொட்டலம் போர்ட்டன் டவுன் வாசலிலேயே கிடந்தது. சோதித்தபோது ஆந்த்ராக்ஸ் இருந்தது. இரண்டாவது பிளாக்பூலில், கன்சர்வேட்டிவ் கட்சி மாநாடு நடந்த சமயத்தில். அதே மாதிரி மண், ஆனால் கிருமி இல்லை. யாரும் பிடிபடவில்லை. இங்கே பொறி என்னவென்றால், நாவல் இதையெல்லாம் 1985 என்ற ஒரே கொந்தளிப்பான ஆண்டைச் சுற்றித் திரட்டிக்கொள்கிறது. படித்தவர்கள் “1985” என்று விடை எழுதுவார்கள். நடந்தது 1981.

தீவைச் சுத்தம் செய்த கணக்கிலும் தப்பு பரவலாக உலவுகிறது. 1986-இல் 280 டன் ஃபார்மால்டிஹைடு என்ற கிருமிநாசினிக் கரைசலை 2,000 டன் கடல்நீரில் கலந்து தீவு முழுக்கத் தெளித்தார்கள் என்று நிறைய இடங்களில் படிக்கலாம். கூட்டிக் கழித்துப் பாருங்கள். 196 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 20 லட்சம் சதுர மீட்டர். 2,000 டன் என்பது 20 லட்சம் லிட்டர். சதுர மீட்டருக்கு ஒரே ஒரு லிட்டர், புல் நனைவதற்கே பற்றாது. உண்மையில் கிருமி இருந்தது குண்டு வெடித்த இடத்தையொட்டிய நாலு ஹெக்டேர் சொச்சத்தில்தான். அங்கே மட்டும் சதுர மீட்டருக்கு 50 லிட்டர் வீதம் 5 சதவீதக் கரைசலைப் பாய்ச்சினார்கள். அப்போதுதான் மேல்மண்ணில் பதிந்த வித்துகள் வரை அது இறங்கும். பிறகு ஆட்டு மந்தை ஒன்றை மேய விட்டுப் பார்த்தார்கள், எதற்கும் நோய் வரவில்லை. 24 ஏப்ரல் 1990 அன்று பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் நேரில் போய் எச்சரிக்கைப் பலகையை அகற்றினார். பழைய உரிமையாளரின் வாரிசுகள் போர்க்காலத்தில் அரசு கொடுத்த அதே 500 பவுண்டுக்குத் தீவைத் திரும்ப வாங்கினார்கள்.

துப்பாக்கி பற்றி ஒரு சொல். நாவலின் நிகழ்காலத்தில் ஒரு ரிவால்வர் தென்பட்டாலே போலீஸ் ஏன் அதிர்கிறது என்று சிலர் கேட்பதுண்டு. 1996-இல் டன்பிளேன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, 1997-இன் இரண்டு சட்டங்கள் தனியார் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தன. முதலாவது பெரிய ரகங்களை, இரண்டாவது .22 ரகத்தையும். 1985-இல் உரிமத்தோடு ரிவால்வர் வைத்திருக்கலாம், 2011-இல் அநேகமாக முடியாது. அதற்கு மேல், இந்தத் துப்பாக்கியின் பூர்வீகம் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கதையின் நல்ல முடிச்சு. அதைக் கெடுக்கப் போவதில்லை.

களத்தைப் பொறுத்தவரை ரேங்கின் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பியிருக்கிறார். அவர் பிறந்தது 1960-இல், கிர்காடிக்கு அருகிலுள்ள கார்டென்டன் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில். 1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நீடித்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அந்தப் பகுதி முழுதும் அடிபட்டது. 1985 என்ற ஆண்டு அவருக்குச் சும்மா கிடைத்த எண் இல்லை. கதையில் வரும் ஃபைஃப் போலீஸும் எடின்பரோவின் லோதியன் அண்ட் பார்டர்ஸ் போலீஸும் இன்று கிடையாது. 1 ஏப்ரல் 2013-இல் ஸ்காட்லாந்தின் எட்டுப் போலீஸ் படைகளும் ஒன்றாகி ‘போலீஸ் ஸ்காட்லாந்து’ ஆனது. ஒரு ஊர்ப் படையை இன்னொரு ஊர் அதிகாரி வந்து விசாரிக்கும் உரசல், பாதிக் கதை அதுதான், இரண்டே ஆண்டில் வரலாறாகிவிட்டது.

கடைசியாக, தலைப்புக் குழப்பம். “ஸ்காட்லாந்து, பயங்கரவாதம், கொலை, ரேங்கின்” என்று மட்டும் கேள்வி வந்தால் அவசரப்படாதீர்கள். 1994-இல் வந்த ‘மார்டல் காசஸ்’ நாவலும் அதே சட்டைக்குள் நுழையும். பிரித்தறிய எளிய வழி: நாயகன் ரீபஸ் (ரேங்கினின் இன்னொரு வரிசையின் துப்பறிவாளர்), எடின்பரோ விழாக் காலம், மேரி கிங்ஸ் குளோஸ் என்ற நிலத்தடிச் சந்தில் பிணம், வட அயர்லாந்து ஆயுதக் கும்பல் என்றால் அது ‘மார்டல் காசஸ்’. ஃபாக்ஸ், ஃபைஃப், 1985, ஸ்காட்டிஷ் தேசியவாதம் என்றால் ‘தி இம்பாசிபிள் டெட்’. ஃபாக்ஸ் வரிசையில் இது இரண்டாவது. முதலாவது 2009-இல் வந்த ‘தி கம்ப்ளெய்ன்ட்ஸ்’. இரண்டையும் வரிசையாகப் படித்துவிட்டு 2012-இன் ‘ஸ்டாண்டிங் இன் அனதர் மேன்ஸ் கிரேவ்’ நாவலுக்குப் போங்கள், அதில் ரீபஸும் ஃபாக்ஸும் எதிரெதிரே நிற்கிறார்கள். அதை முதலில் படித்தால் ஃபாக்ஸ் ஒரு சிடுமூஞ்சி வில்லனாகத் தெரிவார்.