கேள்வி நேரம்: இது நல்ல செம்பா, இல்லையா?

கேள்வி: ரசிகர்கள் நடத்துகிற சர்வரில் ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்கிற பழைய ஆன்லைன் விளையாட்டை ஆடுகிறேன். ஆயுதம் செய்து விற்கிற வேலை. செய்கிற சரக்கில் ஓக்யூ என்கிற தர எண் 900-க்குக் கீழே இருந்தால் தொடவே தொடாதே என்கிறான் கூட்டாளி. அவன் பேச்சைக் கேட்டு 950 ஓக்யூ செம்பைத் தேடி வாங்கிச் செய்தேன், சுமாராகத்தான் வந்தது. இன்னொருத்தர் 720 செம்பில் செய்தது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. எண் பொய் சொல்லுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: எண் பொய் சொல்லவில்லை தம்பி, நீங்கள் ஒரே ஒரு எண்ணிடம் மட்டும் விசாரித்துவிட்டு வந்துவிட்டீர்கள். உங்கள் கையில் இருக்கிற செம்பில் ஓக்யூ என்கிற ஒட்டுமொத்தத் தரம் மட்டுமா எழுதியிருக்கிறது? மின்கடத்தல், வெப்பம் தாங்குவது, தேய்மானம் தாங்குவது, வளைந்துகொடுப்பது என்று வரிசையாக எத்தனை எண், ஒவ்வொன்றும் 1000-க்கு. 'ஒட்டுமொத்தம்' என்று பேர் வைத்ததுதான் வினை. மற்ற எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வந்த மதிப்பெண் அது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் மற்றதைப்போலத் தனியாக ஒரு எண், அவ்வளவுதான்.

மானாமதுரைப் பக்கம் போயிருப்பீர்கள். தண்ணீர்ப் பானையும் மண், கடமும் மண். பானை கொஞ்சம் கசிய வேண்டும், கசிந்த நீர் ஆவியானால்தான் உள்ளே இருக்கிற தண்ணீர் குளிரும். கடத்தைத் தட்டினால் கணீர் என்று நாதம் வர வேண்டும், கசிவைப் பற்றி யாருக்கு என்ன கவலை. அங்கே போய் ஒரு பிடி மண்ணை அள்ளிக் காட்டி "இது நல்ல மண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள், "என்ன செய்யப்போறீங்க?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். நீங்களும் செம்பைப் பார்க்கும் முன்னால் ஸ்கீமேட்டிக்கை, அதாவது அந்தச் சாமானின் செய்முறைக் குறிப்பை, பிரித்துப் பாருங்கள். எந்த குணத்துக்கு எத்தனை பங்கு என்று அங்கேதான் இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, நீங்கள் செய்கிற சாமானுக்கு மின்கடத்தல் இரண்டு பங்கு, ஓக்யூ ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் செம்பு ஓக்யூ 950, மின்கடத்தல் 300. அந்த இன்னொருத்தர் செம்பு ஓக்யூ 720, மின்கடத்தல் 880. உங்களுக்கு 950-ம் இரண்டு 300-ம் சேர்த்து 1550, மூன்றால் வகுத்தால் கிட்டத்தட்ட 517. அவருக்கு 720-ம் இரண்டு 880-ம் சேர்த்து 2480, வகுத்தால் கிட்டத்தட்ட 827 வருகிறது. சாமானை மெருகேற்றுகிற பரிசோதனைக் கட்டத்தில் நீங்கள் எத்தனை புள்ளி போட்டாலும் சரி, எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதை இந்தச் சராசரிதான் தீர்மானிக்கிறது. அவர் ஏணி உங்கள் ஏணியைவிட நீளம், வேறொன்றுமில்லை. இன்னொன்று, ஒரே ஆயுதத்தில் சேதத்துக்கு ஒரு கணக்கு, நீடித்து உழைப்பதற்கு வேறு கணக்கு என்று தனித்தனி வரி இருக்கும், எந்த வரியில் புள்ளி போடப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு அதற்குத் தகுந்த சரக்கைத் தேடுங்கள்.

அதற்காக 900-க்குக் கீழே வேண்டாம் என்கிற உங்கள் கூட்டாளியைத் திட்டவும் மாட்டேன், ஆனால் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு குணத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, எல்லாமே 1000 வரை போகாது. ஏதோ ஒரு வகைக்கு வரம்பே 600 என்றால் அதில் 580 என்பது தங்கம். ஸ்கீமேட்டிக் அந்த வகையைத்தான் பேர் சொல்லிக் கேட்கிறது என்றால் 900 வரட்டும் என்று உட்கார்ந்திருப்பவர் சர்வர் மூடுகிற வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். (அசல் சர்வர்களை 2003-ல் திறந்து 2011 டிசம்பர் 15-ல் மூடியே விட்டார்கள்.)

அப்புறம் அளவு. இதைப் பலரும் அடிபட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்கள். விளையாட்டில் கிடைக்கிற ஒவ்வொரு செம்புக்கும் தனிப்பேர் உண்டு, சரக்கைப் போடுகிற ஒரு ஸ்லாட்டில் வெவ்வேறு பேர் கொண்ட இரண்டு செம்பைக் கலந்து போட முடியாது. 30 யூனிட் கேட்கிற இடத்தில் உங்களிடம் அருமையான செம்பு 25 இருந்தால் அது இல்லாத மாதிரிதான். ஒரே சாமானை மொத்தமாகச் செய்கிற ஃபேக்டரியில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் இன்னும் கறார், மாதிரி செய்யும்போது எந்தப் பேர் உள்ள சரக்கைப் போட்டீர்களோ அதே சரக்கைத்தான் அது கடைசி வரை கேட்கும். 30 யூனிட் பிடிக்கிற சாமான் 500 வேண்டுமென்றால் அதே செம்பு 15,000 யூனிட் கையில் இருக்க வேண்டும். ஆகவே கடை வைத்திருப்பவர் 850 தரத்தில் ஐம்பதாயிரம் யூனிட்டை வாங்குவார், 960 தரத்தில் இருநூறு யூனிட்டை ஆசையாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். நான் அப்படித்தான்.

கேள்வி: என் மகன் காலேஜ் படிக்கிறான். ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து கம்ப்யூட்டரைத் திறக்கிறான். கேட்டால் "இரும்பு போயிரும்மா" என்கிறான். இதுவும் அதே ஸ்டார் வார்ஸ் விளையாட்டுதானாம். என்ன இரும்பு, எங்கே போகும்?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: பையன் பொய் சொல்லவில்லை அம்மா. அந்த விளையாட்டில் ஒவ்வொரு இரும்புக்கும் தனிப்பேர், தனிக்குணம். சில நாள் நிலத்தில் தோண்டக் கிடைக்கும், ஒருநாள் காணாமல் போகும். அதே இரும்பு மறுபடி வரவே வராது, அடுத்து வருவது வேறு பேரில் வேறு குணத்தோடு வரும். சீசனில் ஒரே வாரம் கிடைக்கிற பழத்துக்கு வீட்டில் அடித்துக்கொள்வோமே, அந்தத் தவிப்புதான்.

ஆனால் மூன்று மணி அலாரம் தேவையே இல்லை, இதை அப்படியே அவனிடம் படித்துக் காட்டுங்கள். தோண்டுகிற வேலையை ஹார்வெஸ்டர் என்கிற இயந்திரம் அவன் தூங்கும்போதும் செய்யும். படுக்கப்போகும் முன் அதன் தொட்டியைக் காலி செய்து, பராமரிப்புப் பணமும் மின்சாரமும் போட்டுவிட்டால் காலை காபி குடித்துவிட்டுப் போய் அள்ளிக்கொள்ளலாம்.

அவனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், இது என் சொந்த அனுபவம். எங்கே தோண்டலாம் என்று பார்க்கிற சர்வே கருவி காட்டுகிற சதவீதம் செறிவு, அதாவது அந்த இடத்தில் எவ்வளவு வேகமாகக் கிடைக்கும் என்பது. தரம் வேறு. ஆட ஆரம்பித்த புதிதில் 88 சதவீதம் என்று பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை, இருந்த ஹார்வெஸ்டரை எல்லாம் அங்கே நட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால் நாற்பதாயிரம் யூனிட் இரும்பு, அதில் ஒரு குணம்கூட 300-ஐத் தாண்டவில்லை. மாட்டுத்தாவணியில் பூ குவிந்து கிடக்கிற உயரத்தைப் பார்த்து யாராவது வாங்குவார்களா, ஒரு கை அள்ளி மொட்டுதானா, விரிந்துவிட்டதா என்று பார்க்க மாட்டார்களா? முதலில் நாலு யூனிட் சாம்பிள் எடுத்து அதன் எண்களைப் படிக்க வேண்டும், நடுவது அதற்கப்புறம். அந்த இரும்பை வாங்க ஆளில்லாமல் கடைசியில் அழித்தேன்.

கேள்வி: எல்லா கேமிலும் இந்தக் கணக்குதானா? நான் போனில் ஆல்பியன் ஆன்லைன் ஆடுகிறேன்.
– வாசகர், மேலூர்

பதில்: இல்லை, உங்களுக்கு இவ்வளவு தலைவலி கிடையாது. ஆல்பியனில் மூலப்பொருளுக்குப் படி (டியர்) உண்டு, 4-ம் படியிலிருந்து மந்திரம் ஏறிய வகையும் உண்டு, அதைப் போட்டால் செய்கிற சாமானிலும் மந்திரம் ஏறும். 'மாஸ்டர்பீஸ்' வரைக்கும் போகிற சாமானின் தரம் அதிர்ஷ்டத்தில் வருவது, உங்கள் தேர்ச்சி அந்த அதிர்ஷ்டத்தைக் கொஞ்சம் தள்ளிவிடும். நல்ல மரம் போட்டேன், ஏன் மாஸ்டர்பீஸ் வரவில்லை என்று மரத்தைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2022 நவம்பரில் வந்த டிராகன்ஃபிளைட் என்கிற விரிவாக்கத்தில்தான் மூலப்பொருளுக்கு மூன்று தரம் கொண்டுவந்தது. ஃபைனல் ஃபேன்டஸி 14 நேர்மாறாக, தோண்டியும் பறித்தும் சேகரிக்கிற பொருளில் இருந்த உயர்தர வகையை 2021 டிசம்பரில் எடுத்தே விட்டது. எனக்கு அதில் வருத்தம்தான், பை நிறைகிறதே என்று புலம்பியவர்களுக்குக் கொண்டாட்டம்.

கேள்வி: கேலக்ஸீஸில் ஒருவர் 'சர்வர் பெஸ்ட்' என்று சொல்லி எஃகுக்கு மூன்று மடங்கு விலை கேட்கிறார். வாங்கலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: எதற்கு பெஸ்ட் என்று கேளுங்கள். "எல்லாத்துக்கும்" என்று பதில் வந்தால் நடையைக் கட்டுங்கள். ஒரு குறிப்பிட்ட ஸ்கீமேட்டிக்கின் பேரைச் சொன்னால் எஃகின் பேரையும் எல்லா எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு, மேலே திருமங்கலத்துக்காரருக்குப் போட்ட மாதிரி ஒரு கணக்குப் போடுங்கள், ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற எஃகுக்கும் அதே கணக்கைப் போடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பத்துப் பதினைந்து என்றால் உங்கள் வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. நூறைத் தாண்டினால் பேரம் பேசுங்கள், மூன்று மடங்கு கொடுக்காதீர்கள்.