சிங்கப்பூர்க் களிமண்ணில் சிமெண்ட் கலந்தால் போதுமா?

"கடலோரக் களிமண்ணில் சிமெண்ட் கலந்துதான் சிங்கப்பூர்க் கட்டடங்களை நிறுத்துகிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டடங்களைப் பொறுத்தவரை, இல்லை. அடுக்குமாடிகள் பைல் எனப்படும், மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்களின் மேல் நிற்கின்றன. பைல் களிமண்ணைத் தாண்டி அடியிலுள்ள கெட்டி மண்ணில் ஊன்றியிருக்கும். மண்ணைப் பக்குவப்படுத்துவது பெரும்பாலும் சாலைக்கும், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்துக்கும், ஆழமாகத் தோண்டும் குழிக்கும்தான். சில இடங்களில் கட்டடம் அசையாமல் இருக்க, சுற்றியுள்ள நடைபாதை மட்டும் இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் வித்தியாசம்.

நான் சில வருஷம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். காலாங், மரினா பக்கம் தோண்டினால் சாம்பல் நிற மரைன் கிளே, அதாவது கடல் களிமண், வரும். விரல் வைத்தால் உள்ளே போய்விடும். காய்ந்த மண் 100 கிலோ என்றால் அதோடு 60, 70 கிலோ தண்ணீர்கூட இருக்கும். ஆக, நம் சண்டை மண்ணோடு இல்லை, தண்ணீரோடுதான்.

காலம் இருந்தால் தண்ணீரை வெளியேற்றலாம். சாங்கி கிழக்கில் கடலைத் தூர்த்தபோது களிமண்ணுக்குள் பிளாஸ்டிக் வடிகால் பட்டைகளைச் செங்குத்தாக இறக்கி, மேலே மணலைக் குவித்தார்கள். பாரம் அழுத்த அழுத்தத் தண்ணீர் பட்டை வழியாக ஏறிவரும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆனால் பட்டை இல்லாவிட்டால் பல வருஷம்.

காத்திருக்க முடியாவிட்டால் சிமெண்ட். சாலை அடியில் ஈரக் களிமண்ணுக்கு நீற்றாத சுண்ணாம்பும் நல்லது. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றியவர்களுக்குத் தெரியும், தண்ணீரைக் குடித்துக் கொதிக்கும். மண்ணிலும் அதேதான், ஈரம் குறையும், பிசுபிசுப்புப் போய்ப் பொலபொலவென்று ஆகும். முழு பலம் வர வாரக்கணக்காகும்.

சரி, "கலந்தால் போதுமா?" ஒரு வேலையில் மண்ணுக்குள் துடுப்பு வைத்த கம்பியைச் சுழற்றி இறக்கி, சிமெண்ட் பாலைக் கலந்து தூண்கள் போட்டோம். ஆய்வுக்கூடத்தில் கலந்த மாதிரி அருமையான பலம் காட்டியது. தூணைத் துளைத்து உருளை வடிவ மாதிரி, அதாவது கோர், எடுத்தால், நடுவே கைப்பிடி அளவு களிமண் அப்படியே உட்கார்ந்திருக்கிறது! போர்மேன் அண்ணன் நகத்தால் கீறிவிட்டு, "தம்பி, இது இன்னும் பச்சை மண்ணு" என்றார். நான் சிமெண்டைக் கூட்டலாம் என்றேன், அவர் கேட்கவில்லை. துடுப்பு இன்னும் அதிகம் சுழன்று கலக்கட்டும் என்று, கம்பியை மேலே இழுக்கும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். அடுத்த கோர் முழுசாக வந்தது. சிமெண்ட் அளவு பழையபடிதான்.