செம்பனைக்குள் விழுந்த ராக்கெட்டைக் கண்டுபிடிக்க எளிய ஒலிக்கருவி செய்ய முடியுமா?

மகன் தமிழ்ப்பள்ளியில் தண்ணீர் ராக்கெட் (பாட்டிலில் தண்ணீரும் அழுத்தக் காற்றும் அடைத்து விடுவது) விடுகிறான், மூன்று ராக்கெட் செம்பனைக்குள், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள், விழுந்து காணாமல் போய்விட்டன, கத்திக் காட்டிக்கொடுக்கும் கருவியை வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். எங்களுக்கு இருபது வெள்ளிகூட (ரிங்கிட்) ஆகவில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ராக்கெட்டை விடுவதற்கு முன்பு, தரையில் இருக்கும்போதே சுவிட்சை ஆன் செய்துவிடுங்கள். மேலே போய்த் தானாக இயங்கட்டும் என்று எதையும் வைக்காதீர்கள்.

நாங்கள் மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கம். பழைய ஆட்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை. 1917-இல் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இங்கேதான். பள்ளித் திடலைத் தாண்டினால் எந்தப் பக்கமும் செம்பனை. பால்மரக் (ரப்பர்) காடாக இருந்தால் வரிசைக்குள் தூரம் வரை கண் போகும். இங்கே வெட்டிப்போட்ட மட்டைகள் குவிந்து கிடக்கும். ஒன்றரை லிட்டர் பாட்டில் அதற்குள் போனால் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது.

தங்கச்சி மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இருவரும் சேர்ந்து செய்த முதல் கருவியில் சின்னத் துணிக் கிளிப்பின் இரண்டு வாய்க்கும் டிராயிங் பின் குத்தி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகியிருந்தோம். மூக்கு கழன்று பாராசூட் வெளியே வரும்போது கயிறு அந்தத் துண்டை இழுத்துவிடும், பின் இரண்டும் தொட்டு பஸர் (மின்சாரம் போனால் கத்தும் சின்ன ஒலிப்பான்) கத்தும். வீட்டில் இருபது முறை சோதித்தோம், இருபது முறையும் கத்தியது.

அன்றைக்கு மூக்கு கழலவே இல்லை. டேப் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. ராக்கெட் அப்படியே தலைகீழாகச் செம்பனைக்குள் இறங்கியது, ஒரு சத்தமும் இல்லை. பாராசூட் விரிந்தால் மெதுவாக இறங்கும், எங்கே போகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். விரியாத அன்றைக்குத்தானே கருவி வேண்டும்? அன்றைக்குப் பார்த்து ஊமையாகிவிடுகிற மாதிரி நான்தான் செய்து கொடுத்திருந்தேன். இரண்டு சாயங்காலம் தேடினோம். மூன்று வாரம் கழித்துக் குலை வெட்டுகிற அண்ணன் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். பிளாஸ்டிக் துண்டு கிளிப்பிலேயே இருந்தது. அவள் அதை உருவியதும் அவர் கையிலேயே கத்த ஆரம்பித்தது.

அடுத்து, சத்தம். விடாமல் ஒரே சுருதியில் கத்தும் பஸர் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. சாயங்காலம் சில்வண்டு வேறு கிட்டத்தட்ட அதே சுருதியில் கத்தும். விட்டு விட்டுக் கத்த வேண்டும். அதற்கு 1972-இல் விற்பனைக்கு வந்து இன்னும் ஒரு வெள்ளிக்குக் கிடைக்கிற 555 ஐசி (நேரம் கணக்கிட்டு விட்டு விட்டு இயக்கும் எட்டுக் கால் சில்லு) போதும். 4, 8 கால்கள் பிளஸ்ஸுக்கு, 1 மைனஸுக்கு. 2-ஐயும் 6-ஐயும் சேர்த்துவிடுங்கள். பிளஸ்ஸுக்கும் 7-க்கும் நடுவில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், 7-க்கும் 6-க்கும் நடுவில் 33 கிலோ ஓம் ரெசிஸ்டர், 6-க்கும் மைனஸுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பஸரை மைனஸில் கட்டாதீர்கள், பிளஸ்ஸுக்கும் 3-ஆம் காலுக்கும் நடுவில் கட்டுங்கள். அப்போதுதான் கால் வினாடி கத்தி, ஒரு வினாடிக்குக் கொஞ்சம் குறைவாக அடங்கும். மாற்றிக் கட்டினால் நீளமாகக் கத்தும், பேட்டரியும் சீக்கிரம் போய்விடும்.

9 வோல்ட் பேட்டரி 45 கிராம், ராக்கெட்டுக்குக் கனம் அதிகம். ஆட்டோகேட் (தானாகத் திறக்கும் வீட்டு வாசல் கேட்) ரிமோட்டில் போடுகிற 12 வோல்ட் பேட்டரி எட்டு கிராம்தான். எங்களுடையது மூன்று மணி நேரத்துக்கு மேல் கத்தியது. பஸரும் 12 வோல்ட் தாங்குகிறதா, உள்ளேயே சர்க்கிட் உள்ள வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். அதன் வாயில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், உரித்துவிடுங்கள், சத்தம் நன்றாகக் கூடும். தண்ணீர் படாமல் மெல்லிய பிளாஸ்டிக்கைத் தளர்வாகச் சுற்றினால் போதும். எங்கள் ஊரில் ரெசிஸ்டர் விற்க ஒரு கடை இல்லை, கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்குத்தான் போனோம்.

‘ஏர்டேக் (தொலைந்த பொருளைக் கண்டுபிடிக்கும் ஆப்பிள் வில்லை) போடலாமே’ என்று யாராவது கீழே எழுதுவார்கள். நூறு வெள்ளிக்கு மேல் ஆகிறது. பக்கத்தில் யாராவது ஆப்பிள் போனோடு நடந்தால்தான் அது தன் இடத்தைச் சொல்லும். செம்பனைக்குள் யார் நடக்கிறார்கள்? கரிமருந்து மோட்டார் ராக்கெட் பற்றிக் கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், அது 1957 வெடிபொருள் சட்டத்துக்குள் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தண்ணீரே போதும்.

இதை அவள் ஒரு போட்டிக்குக் கொண்டுபோனாள். நடுவர் ஒருவர் சர்க்கிட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘தோட்டத்துப் பள்ளிப் பிள்ளை இவ்வளவு சுத்தமாகப் பற்றவைக்காது, பெரியவர்கள் செய்தது’ என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். கிளிப் யோசனை என்னுடையது, அது தோற்றது. 555-இல் ஒவ்வொரு காலையும் அவள்தான் பற்றவைத்தாள், விரலில் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. கையில் பற்றவைக்கும் இரும்பைக் கொடுத்துச் செய்யச் சொல்லியிருந்தால் அங்கேயே செய்து காட்டியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. நாலு வருஷம் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

தேடப் போகும்போது பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள். மட்டைக் குவியலில் நாகம் இருக்கும், பூட்ஸ் போட்டுப் பெரியவர் ஒருவர் முன்னால் போக வேண்டும். அப்புறம், தரையையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். போன முறை சத்தம் நன்றாகக் கேட்டும் அரை மணி நேரம் ஒரே மரத்தைச் சுற்றி மட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள்தான் “மாமா, மேலே” என்றாள். இரண்டு மட்டைகளின் கவட்டில் பாராசூட் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குலை வெட்டும் நீளக் கம்பை இரவல் வாங்கி இறக்கினோம். அதுவரைக்கும் அது கத்திக்கொண்டுதான் இருந்தது.