பாதி டிஸ்க் கறுப்புப் பட்டையாக நிற்கிறதா? ‘கிளீன்’ கொடுக்க அவசரப்படாதீர்கள்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பங்கள் இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க் கொஞ்ச நாளாகவே தடுமாறியது. ரிச்சி தெருவில் 4 டிபி டிஸ்க் வாங்கி, தெரிந்த பையனை வைத்துப் பழையதை அப்படியே குளோன் செய்து மாட்டினேன். படங்கள் வந்துவிட்டன. ஆனால் டி டிரைவ் 2 டிபிக்கு மேல் பெரிதாக மறுக்கிறது. மீதி 1678 ஜிபி விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் கறுப்புப் பட்டையாக நிற்கிறது, ரைட் கிளிக் செய்தால் எதையும் அழுத்த முடியவில்லை. விண்டோஸ் தனி எஸ்எஸ்டியில் இருக்கிறது. விண்டோஸின் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில், டிஸ்கை வெறுமையாக்கும் ‘கிளீன்’ கொடுத்து ஃபார்மட் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் இன்றைக்கு வேண்டாம்.

டிஸ்கில் கோளாறு இல்லை. குளோன் செய்யும்போது படங்களோடு பழைய டிஸ்கின் பார்ட்டிஷன் அட்டவணையும், அதாவது டிஸ்கில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற குறிப்பும், சேர்ந்து வந்துவிட்டது. அது எம்பிஆர் வகை. 1983இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்தது. அன்றைக்கு 10 எம்பி டிஸ்க்கே பெரிய சமாச்சாரம். ஒரு பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று எழுத அதில் 32 பிட் இடம்தான் உண்டு. செக்டர் என்ற சின்னத் துண்டு ஒவ்வொன்றுக்கும் 512 பைட் என்று வைத்தால் 2048 ஜிபியோடு எண்கள் தீர்ந்துபோகும். உங்கள் டிஸ்க் 3726 ஜிபி. கழித்துப் பாருங்கள், அதே 1678 வரும். தெருவில் வீடு இருக்கிறது, கதவு எண் போடத்தான் வழியில்லை. (4 டிபி ஏன் 3726 ஜிபி ஆனது என்றால், தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. கடைக்காரர் மேல் தப்பில்லை.)

எம்பிஆருக்குப் பிறகு வந்த புது அட்டவணையான ஜிபிடி வகைக்கு மாற்றினால் முழு இடமும் கிடைக்கும். டேட்டா அழியாமல் மாற்றித் தரும் மென்பொருள்களும் இருக்கின்றன, பெரும்பாலும் ஒழுங்காகவே செய்கின்றன. இருந்தாலும் வேறு நகல் இல்லாத டிஸ்கில் நான் அதை ஓட்ட மாட்டேன். விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவி விண்டோஸ் இருக்கும் டிஸ்குக்குத்தான், உங்களுக்கு உதவாது.

சரி, ஏன் இன்றைக்கு வேண்டாம்? பழைய டிஸ்க் நொண்டிக்கொண்டிருந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் புது டிஸ்கில் இருப்பதுதான் உருப்படியான ஒரே நகலாக இருக்கலாம். அதை அழித்துவிட்டு மறுபடி பழையதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், இரண்டாம் முறை அது சுழலுமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. யாரிடமாவது 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் இரவல் வாங்கி, முதலில் எல்லாவற்றையும் அதில் காப்பி செய்யுங்கள்.

காப்பி முடிந்ததும் ஃபைல் எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். குளோன் மென்பொருள் படிக்க முடியாத செக்டரைத் தாண்டிப் போயிருந்தால் அந்த இடத்தில் வெறும் பூஜ்யம்தான் இருக்கும். ஃபைல் அளவு மாறாது. ஃபோல்டரில் தெரியும் குட்டிப் படமான தம்ப்நெயிலும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அது ஃபைலின் தலைப்பகுதியில் தனியாக இருக்கிறது. படத்தைத் திறந்தால்தான் மாப்பிள்ளையின் மாலைக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். ஒவ்வொரு கல்யாண ஃபோல்டரிலும் நாலைந்து படங்களையாவது முழு அளவில் திறந்து பாருங்கள். இதில் அரை நாள் போகும், போகட்டும்.

அதன் பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்கையும் இரவல் டிஸ்கையும் கழற்றி வையுங்கள். டிஸ்க்பார்ட் ‘நிச்சயமா?’ என்று கேட்காது. ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுத்து 3726 ஜிபி எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்து, அதை ‘செலக்ட் டிஸ்க்’ செய்யுங்கள். மறுபடி ஒருமுறை ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுத்தால் தேர்ந்தெடுத்த வரியின் முன்னால் நட்சத்திரக் குறி நிற்கும். அது சரியான வரியில்தானா என்று பார்த்துவிட்டு ‘கிளீன்’, அப்புறம் ‘கன்வர்ட் ஜிபிடி’. உங்கள் மதர்போர்டு பழசாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த டிஸ்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆகப்போவதில்லையே.

‘கிளீன்’ கொடுக்கும்போது ஐ/ஓ எர்ரர் வந்தால் டிஸ்கைத் திட்டுவதற்கு முன் அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். டிஸ்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் C7 (அதாவது 199) என்ற வரிசையில் உள்ள சிஆர்சி எர்ரர் எண் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக்காற்று படும் கடைகளில் பவர் கனெக்டர் முனைகள் கறுத்துப்போயிருந்ததையும் பார்த்திருக்கிறேன். டிஸ்கைப் பழைய யுஎஸ்பி டாக்கில் (டிஸ்கை வெளியிலிருந்து செருகும் பெட்டி) மாட்டும்போது மொத்த அளவே 1678 ஜிபி என்று காட்டினால் அது வேறு கதை. அந்த டாக்குக்கு 2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. டிஸ்கை நேராக மதர்போர்டில் மாட்டுங்கள்.

இனி டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புது பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட் செய்யலாம். ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ் போதும். எக்ஸ்ஃபேட் வேண்டாம், அதில் மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னல் இல்லை, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சங்கடம். அலொகேஷன் யூனிட்டை ‘டீஃபால்ட்’ என்றே விட்டுவிடுங்கள். ‘குயிக் ஃபார்மட்’ டிக்கை இந்த ஒரு முறை எடுத்துவிடுங்கள். முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் எழுதிப் பார்க்கும், மோசமான செக்டர் இருந்தால் வாரண்டி இருக்கும்போதே தெரிந்துவிடும். நொடிக்கு 150 எம்பி வேகம் என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கடை சாத்தும்போது ஓட விடுங்கள். ஸ்லீப்பை அணைத்து வையுங்கள், யுபிஎஸ் கட்டாயம்.

டிரைவ் எழுத்தும் மாறக்கூடாது. ஆல்பம் டிசைன் ஃபைல்களெல்லாம் படங்களை டி டிரைவ் முகவரியில்தான் தேடும். எழுத்து மாறினால் ஒவ்வொரு பக்கத்திலும் ‘லிங்க் மிஸ்ஸிங்’ என்று வரும். டிவிடி டிரைவ் டியைப் பிடித்துக்கொண்டிருந்தால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் முதலில் அதை இசட்டுக்குத் தள்ளிவிட்டுப் புது டிஸ்குக்கு டி கொடுங்கள். அதன் பிறகு இரவல் டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் காப்பி செய்யுங்கள்.