எத்தியோப்பியாவில் சாப்பாடு கிடைத்ததா?

கேள்வி: அடிஸ் அபாபா போய் வந்தீர்களாமே! சைவரான நீங்கள் அந்தப் பஞ்ச பூமியில் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? ஆப்பிரிக்கா எப்படி இருக்கிறது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: நன்றாகவே சாப்பிட்டேன். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். ஈஸ்டருக்கு முன் தொடர்ந்து 55 நாள். இறைச்சி, முட்டை மட்டுமல்ல, பால், வெண்ணெயும் ஆகாது. சைவம் என்று சொல்லிக்கொண்டு நீங்களும் நானும் காபியில் ஊற்றுகிற பாலும் இதில் அடக்கம். அந்த நாட்களில் உணவகத்தில் 'பெயாய்நெத்து' என்றால் போதும். தெஃப் தானிய மாவைப் புளிக்க வைத்துச் சுட்ட அகலமான இஞ்செராவின் மேல் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட், கொண்டைக்கடலை மாவில் செய்த ஷிரோ எல்லாம் வந்துவிடும். ஒரே தட்டில் எல்லோரும் கை வைக்க வேண்டும், கூச்சப்பட்டால் பட்டினிதான்.

அப்புறம், பஞ்ச பூமி. நீங்கள் சொல்வது 1984-85 பஞ்சம். அது கொடூரமானது, நடந்தது வடக்கே வோல்லோ, திக்ரே பகுதிகளில். மழை பொய்த்தது பாதிதான். கிளர்ச்சியாளர்களை ஒடுக்க ராணுவ அரசு நடத்திய போரும் சேர்ந்துதான் அத்தனை லட்சம் பேரைக் கொன்றது. அதே அரசு 1970களில் தன் சொந்த மக்களை வேட்டையாடியதைச் சொல்ல, அடிஸ் அபாபாவின் மெஸ்கல் சதுக்கத்தை ஒட்டி ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள். புதைகுழிகளிலிருந்து எடுத்த மண்டையோடுகள் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. நாற்பது வருடத்துக்கு முந்தைய டிவி படத்தை வைத்து ஒரு நாட்டை எடைபோடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆப்பிரிக்கா எப்படி இருக்கிறது என்றால் எனக்கு என்ன தெரியும்? 54 நாடுகள், நான் பார்த்தது ஒரு நகரத்தில் சில தெருக்கள். சுமார் 2,350 மீட்டர் உயரம் என்பதால் மேடேறினால் மூச்சு வாங்குகிறது. நம் கணக்கில் காலை ஏழு மணி என்பது அவர்கள் கணக்கில் ஒரு மணி, பகல் விடியலில்தானே தொடங்குகிறது! டாக்சிக்காரரிடம் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்வது உத்தமம்.

குறை கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். பியாசா என்ற பழைய வட்டாரத்தில் பெரும்பகுதியை 2024இல் சாலை அகலப்படுத்தவும் அழகுபடுத்தவும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். புது நடைபாதை, வரிசையாக விளக்குகள், நடப்பதற்குச் சுகம். அங்கே தலைமுறைகளாக இருந்தவர்களில் பலர் நகர ஓரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் போனவர்களிடம் விசாரியுங்கள், என்னைவிட நன்றாக விளக்குவார்கள்.